‘எங்க லைன்ல ஏ.ஐ. எல்லாம் இல்லீங்க’: பேரணாம்பட்டுப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் நடந்த பயிற்சி

2025 மார்ச்சில் பேரணாம்பட்டுப் பக்கம் இருக்கும் ஒரு ஷூ கம்பெனிக்கு, அதனிடம் ஷூ வாங்கும் ஜெர்மன் பையரிடமிருந்து மெயில் வந்தது. வருடா வருடம் வரும் கேள்விப் பட்டியல்தான். தோலில் குரோமியம்-6 என்ற நச்சு இருக்கிறதா என்ற சோதனை அறிக்கை எங்கே, ஓவர்டைம் கணக்கு எப்படி, தீயணைப்பு ஒத்திகை எப்போது நடந்தது என்றெல்லாம். கடைசிப் பக்கத்தில் மட்டும் புதிதாகச் சில கேள்விகள்: கம்பெனியில் எங்கெல்லாம் செயற்கை நுண்ணறிவு பயன்படுகிறது? யார் பயன்படுத்துகிறார்கள்? அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்களா? அதற்கு என்ன பதிவு இருக்கிறது?

ஹெச்.ஆர். மேலாளர் எல்லாவற்றுக்கும் ‘பொருந்தாது’ என்று நிரப்பிவிட்டு, அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு போன் போட்டார். “சார், எங்க லைன்ல ஏ.ஐ. எல்லாம் இல்லீங்க. இப்படியே அனுப்பிடலாமா?”

இந்த வட்டாரத்துத் தோல், ஷூ கம்பெனிகளுக்கு ஆடிட் தயாரிப்பும் தொழிலாளர் பயிற்சியும் செய்து கொடுப்பது என் பிழைப்பு. “ரெண்டு நாள் பொறுங்க, நேர்ல வந்து பாத்துடறேன்” என்றேன். அந்த ரெண்டு நாள் எட்டு மாதமாக நீண்டது. பெயரைப் போடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

பிரஸ்ஸல்ஸ் சட்டம் பேரணாம்பட்டைக் கட்டுமா?

பிரஸ்ஸல்ஸில் இருந்து இயங்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதன் பிரிவுகள் தவணை முறையில்தான் அமலாகின்றன. முதல் தவணை 2025 பிப்ரவரி 2. அன்று அமலான முக்கியமான இரண்டில் ஒன்று 5-ஆம் பிரிவு. சில பயன்பாடுகளை அது அடியோடு தடை செய்கிறது. இன்னொன்று 4-ஆம் பிரிவு. ஏ.ஐ. கருவியை உருவாக்குபவரும் சரி, வாங்கி வேலைக்குப் பயன்படுத்துபவரும் சரி, தங்கள் பணியாளர்களுக்கு அதைப் பற்றிப் போதுமான அறிவு இருக்கும்படி இயன்றவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. அந்த ஆளின் படிப்பு, அனுபவம், கருவி எந்த இடத்தில் யார்மேல் பயன்படுகிறது என்பதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. பையரின் மெயிலுக்கு மூலம் இதுதான்.

இந்தச் சட்டம் இந்தியக் கம்பெனியை நேரடியாகக் கட்டுமா? 2-ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டில் இருப்பவராக இருந்தாலும் அவரது ஏ.ஐ. தரும் விளைவு ஒன்றியத்துக்குள் பயன்படுத்தப்பட்டால் சட்டம் அவரையும் தொடும். ஷூ அங்கே போகிறது, உண்மைதான். ஆனால் கம்பெனி கேட்டில் இருக்கும் வருகைப் பதிவுக் கேமரா சொல்லும் பதில் இங்கேயேதான் நிற்கிறது. ஆக, இந்தக் கம்பெனியின் பெரும்பாலான பயன்பாடுகளைச் சட்டம் நேரடியாகத் தொடாது என்பதே என் கணிப்பு. முதல் நாளே இதைச் சொல்லிவிட்டேன். இல்லாத பயத்தைக் காட்டிப் பயிற்சி விற்பவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

புரொடக்‌ஷன் மேனேஜர் பாய் சிரித்தார். இந்தத் தொழிலில் முப்பத்தைந்து வருடம் இருப்பவர். “சட்டம் தொடாட்டி என்ன சார், பையர் தொடுவான் இல்ல?” என்றார். அவர் சொன்ன வரலாறு இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடும் பென்டாகுளோரோஃபீனாலை 1989-இல் ஜெர்மனி தடை செய்தது. 1994-இல், நிறமேற்றப் பயன்படும் சில அசோ சாயங்களுக்குத் தடை அறிவித்தது. இரண்டு முறையும் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் டேனரிகள் ஓடி ஓடி ரசாயனத்தை மாற்றின. பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996-இல்தான் வந்தது. “நம்ம ஊர்ல எப்பவும் ஆர்டர் ஷீட்தான் முதல் சட்டம்” என்றார்.

ஒப்பீடு நன்றாகத்தான் இருந்தது, நானும் பின்னால் பல இடங்களில் கடன் வாங்கிக்கொண்டேன். ஆனால் ஒரு இடத்தில் உதைக்கிறது. அசோ சாயத்தைச் சோதிக்க ஒரு துண்டுத் தோலை வெட்டி லேபுக்கு அனுப்பினால் போதும், எண் வந்துவிடும். ஏ.ஐ. பயன்பாட்டை ஷூவை வெட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வேலை நடக்கும் இடத்தில் யார், எதை, எப்படிப் பயன்படுத்தினார் என்பதைப் பயன்படுத்தியவரே சொன்னால்தான் தெரியும். இதை நான் சரியாக உள்வாங்கிக்கொள்ளாமல்தான் முதல் பயிற்சியைச் சொதப்பினேன்.

முதல் பயிற்சி

ஏப்ரல் மாத வேலூர் வெயிலில், மதியம் இரண்டரைக்கு, சாப்பாடு முடிந்த கையோடு, மீட்டிங் ஹாலில் நாற்பது பேரை உட்கார வைத்துப் பேசினேன். நேரம் தேர்ந்ததே முதல் தப்பு. இரண்டாவது தப்பு ஸ்லைடுகள். தடை செய்யப்பட்டதைச் செய்தால் அபராதம் 3.5 கோடி யூரோ வரை, அல்லது உலகளாவிய வருடாந்தர விற்பனையில் 7 சதவீதம் வரை, எது அதிகமோ அது. மற்றப் பல மீறல்களுக்கு 1.5 கோடி யூரோ அல்லது 3 சதவீதம். பெரிய எழுத்தில் சிவப்பில் போட்டிருந்தேன். ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியில் ஒரு படிவம் கொடுத்தேன். ‘உங்கள் வேலையில் ஏ.ஐ. பயன்படுத்துகிறீர்களா?’ நாற்பது பேரும் ‘இல்லை’ என்று டிக் அடித்துக் கொடுத்தார்கள்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது, பையர்களோடு ஆர்டர் விவரம் பேசும் மெர்ச்சண்டைசிங் பிரிவுப் பையன் ஒருவன் இத்தாலிக்கு அனுப்ப வேண்டிய மெயிலை போனில் ஒரு சாட்பாட்டிடம் எழுதி வாங்கிக்கொண்டிருந்தான். அரை மணி நேரத்துக்கு முன் ‘இல்லை’ போட்டவன்தான். அவன்மேல் தப்பே இல்லை. போலீஸ்காரன் மாதிரி பேசிவிட்டு வாக்குமூலம் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

போனை மேசைமேல் வைங்க

அடுத்த முறை ஹால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு துறைக்கும் அவர்கள் மேசைக்கே போனோம், ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம், டீ டைமுக்கு முன்னால். முதலாளி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்: ஜூன் மாதக் கடைசி வரை யார் எதைப் பயன்படுத்தியதாகச் சொன்னாலும் நடவடிக்கை கிடையாது. அந்தத் தாளை ஒவ்வொரு இடத்திலும் முதலில் வாசித்தேன். பிறகு ஒரே வேண்டுகோள்: “போனை எடுத்து மேசைமேல் வைங்க. போன வாரம் வேலைக்காக எதைத் திறந்தீங்களோ அதைக் காட்டுங்க.”

‘ஏ.ஐ.’ என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தேன். ஏ.ஐ. என்றால் ரோபோ என்றுதான் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். மொழிபெயர்க்கும் ஆப், வாய்ஸை எழுத்தாக்கும் ஆப், போட்டோவைத் திருத்தும் ஆப் எல்லாம் அந்தக் கணக்கில் வரும் என்று தெரியாது. இரண்டு வாரத்தில் ஒரு நோட்டு நிறையப் பட்டியல் சேர்ந்துவிட்டது.

மெர்ச்சண்டைசிங்கில் எதிர்பார்த்ததுதான் கிடைத்தது, கொஞ்சம் அதிகமாகவே கிடைத்தது. மெயில் எழுதுவதோடு நிற்காமல், பையர் அனுப்பிய டெக் பேக்கை, அதாவது இன்னும் கடைக்கே வராத அடுத்த சீசன் டிசைன் விவரங்களை, இலவச சாட்பாட்டில் போட்டுச் சுருக்கம் கேட்டிருந்தார்கள். 2023-இல் சாம்சங் பொறியாளர்கள் சிலர் கம்பெனியின் சோர்ஸ் கோடை இப்படி சாட்ஜிபிடியில் ஒட்டியதும், அதன்பின் அங்கே இத்தகைய கருவிகளுக்குத் தடை வந்ததும் செய்தியானது. அதைச் சொன்னதும் ஒரு பெண் மெதுவாகத் தன் லேப்டாப்பை மூடினாள். தடை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. போட்டால் மறுபடி போனுக்குள் ஒளிந்துகொள்ளும். கம்பெனி கணக்கில் கட்டணச் சேவை ஒன்று வாங்கினார்கள். டிசைன், விலை, ஆள் பெயர் மூன்றும் அதிலும் போகக் கூடாது என்று ஆனது.

அக்கவுன்ட்ஸில் அதிகம் ஒன்றும் இல்லை. ஏ.ஐ. ஒருவர் குரலையே போலி செய்துவிடும்; ஆகவே முதலாளி குரலிலேயே போன் வந்தாலும், வங்கிக் கணக்கு எண் மாற்றம் என்றால் தெரிந்த எண்ணுக்குத் திரும்ப அழைக்காமல் பணம் போடக் கூடாது என்பதோடு முடித்துக்கொண்டோம்.

கட்டிங்கில் நாங்கள் நினைத்ததற்கு நேர்மாறாக நடந்தது. அங்கே கேமரா வைத்த கட்டிங் மெஷின் ஒன்று இருக்கிறது. தோலை விரித்தால் முள் கீறல், உண்ணிக் கடித் தழும்பு எல்லாவற்றையும் கண்டுபிடித்து, பாகங்களை எப்படி அடுக்கினால் தோல் வீணாகாது என்று அதுவே திரையில் காட்டும். ஐரோப்பியச் சட்டப்படி இது அதிக ஆபத்துள்ள பயன்பாடே அல்ல, மனிதர்மேல் முடிவெடுப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்றுதான் போனேன். கட்டிங் மாஸ்டர் விடவில்லை. ஒரு தோலைக் கையில் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினார். முதுகுப் பக்கம் அசையவில்லை, வயிற்றுப் பக்கம் ரப்பர் மாதிரி நீண்டது. “கேமரா தழும்பைப் பாக்கும் சார், இழுவையைப் பாக்காது. வேம்ப்பைக் கொண்டுபோய் வயித்துல போடுது. லாஸ்டிங்ல இழுத்தா ஷூ கோணிக்கும்.” (வேம்ப் என்பது ஷூவின் முன்பக்க மேல்தோல்; லாஸ்டிங் என்பது அதை அச்சின்மேல் இழுத்துப் பொருத்துவது.)

“அப்போ மாத்தி வெட்ட வேண்டியதுதானே?” என்றேன்.

“மாத்தினா கன்சம்ப்ஷன் ஏறும். ஜோடிக்கு இத்தனை சதுர அடின்னு மெஷின் ஒரு கணக்கு வச்சிருக்கு. மிச்சம் என் பேர்ல லாஸா எழுதுவாங்க.”

மனிதன் மேற்பார்வை செய்ய வேண்டும், இயந்திரம் சொல்வதைக் கண்ணை மூடி நம்பும் பழக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு அதிக ஆபத்துள்ள கருவிகளுக்குச் சொல்கிறது. அந்த வாசகத்துக்கு இதைவிட நல்ல உரை எனக்குக் கிடைத்ததில்லை. மாஸ்டருக்கு அறிவு இருக்கிறது, என்னைவிட நூறு மடங்கு. இல்லாதது, மாற்றினால் தண்டனை வராது என்ற உறுதி. அவருக்கு நான் பயிற்சி கொடுக்க ஒன்றுமில்லை. பயிற்சி தேவைப்பட்டது அவருடைய லாஸ் கணக்கை எழுதுபவருக்கு. ‘மாஸ்டர் மாற்றியது’ என்று தனிக் கட்டம் ஒன்று அந்த ஷீட்டில் சேர்ந்தது. காரணம் ஒரே வார்த்தையில் எழுதினால் போதும். பெரும்பாலும் ‘இழுவை’ என்றே இருக்கிறது.

ஒன்பது நாள் தொங்கிய தாள்

பசை தடவும் பேஸ்டிங் டேபிளில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும்.

ஷூ கம்பெனியில் பசையை ‘சொல்யூஷன்’ என்பார்கள். டப்பாவோடு இங்கிலீஷில் ஒரு பாதுகாப்புத் தகவல் தாள் வரும், 16 பகுதிகள் கொண்டது. டேபிளில் வேலை செய்யும் பெண்களுக்கு அதைத் தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கி மாட்ட வேண்டும் என்பது பழைய ஆடிட் குறிப்பு. முன்பெல்லாம் சேஃப்டி ஆபீசர் உட்கார்ந்து அரைகுறைத் தமிழில் கையால் எழுதுவார். இந்த முறை சாட்பாட்டிடம் கொடுத்தார். ஒரு நிமிடத்தில் அழகான தமிழ் வந்தது. லேமினேட் செய்து மாட்டியாயிற்று.

நான் போனபோது அது மாட்டி ஒன்பதாவது நாள். டேபிளில் இருந்த ஒரு அக்காவை அதை உரக்க வாசிக்கச் சொன்னேன், மற்றவர்களும் கேட்கட்டும் என்று. நான்காவது வரியில் நின்றுவிட்டார்.

“சார், தின்னர்ல கை கழுவக் கூடாதுன்னுதான போன வருஷம் நர்ஸம்மா சொன்னாங்க? இதுல கழுவலாம்னு போட்டிருக்கு.”

வாங்கிப் பார்த்தேன். ‘தோலில் பட்டால் சோப்பு, தண்ணீர் அல்லது தின்னர் கொண்டு நன்கு கழுவவும்.’ மூலத்தை எடுத்து வரச் சொன்னோம். முதலுதவி என்ற நான்காம் பகுதியில் தெளிவாக இருந்தது: சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவவும், கரைப்பானோ தின்னரோ பயன்படுத்தக் கூடாது. தின்னர் தோலில் உள்ள எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும், தோல் வறண்டு வெடிக்கும், அடுத்த முறை படும் ரசாயனம் இன்னும் சுலபமாக உள்ளே இறங்கும். சுருக்கியபோது அந்த ‘கூடாது’ எங்கேயோ விழுந்துவிட்டது.

சேஃப்டி ஆபீசர் முகம் வெளிறிப்போனது. “நான் படிச்சுப் பாத்தேன் சார். தமிழ் நல்லா இருந்துச்சு” என்றார். வினையே அங்கேதான். அவர் கையால் எழுதிய காலத்தில் தமிழ் தட்டுத் தடுமாறும், அதனால் நாலு பேர் சந்தேகம் கேட்பார்கள். இது வழவழவென்று இருந்ததால் ஒருவரும் கேட்கவில்லை. அந்த அக்கா கண்டுபிடித்தது ஏ.ஐ. பற்றித் தெரிந்ததால் அல்ல, தன் கையைப் பற்றித் தெரிந்ததால்.

மொழிபெயர்ப்புக்குச் சாட்பாட்டைப் பயன்படுத்தும் ஊழியருக்கும் 4-ஆம் பிரிவு பொருந்துமா என்று யாராவது கேட்டால், ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட கேள்வி-பதிலிலேயே பதில் இருக்கிறது: பொருந்தும், இத்தகைய கருவி இல்லாததை இருப்பதாகச் சொல்லக்கூடும் என்பதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். சான்றிதழ் தேவையில்லை, உள்ளே ஒரு பதிவு வைத்துக்கொண்டால் போதும் என்றும் அதில் இருக்கிறது. ஆகவே ‘ஐரோப்பிய அங்கீகாரம் பெற்ற ஏ.ஐ. சான்றிதழ்’ என்று யாராவது வந்து காசு கேட்டால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. இயந்திரம் தமிழாக்கிய எந்தப் பாதுகாப்புத் தாளும், மாட்டுவதற்கு முன் அந்த டேபிளிலேயே ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும், சேஃப்டி ஆபீசர் மூலத்தை வரி வரியாக ஒப்பிட வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வாசிக்கும் முக்கால் மணி நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்படுகிறது. இதற்குப் புரொடக்‌ஷனில் முணுமுணுப்பு இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஹெச்.ஆர்.

‘எங்க லைன்ல இல்லீங்க’ என்று போன் போட்டவரின் மேசையில்தான் சட்டத்துக்கு மிக நெருக்கமான பொருள் இருந்தது. வேலை தேடும் இணையதளம் ஒன்றில் அலுவலக வேலைக்கும் சூப்பர்வைசர் வேலைக்கும் ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பங்களை அதுவே மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தித் தரும். மேலே உள்ள பத்துப் பேரை மட்டும்தான் இவர் கூப்பிடுவார். ஐரோப்பாவில் ஆள் எடுப்பதற்கு விண்ணப்பங்களைச் சலிக்கும் ஏ.ஐ., சட்டத்தின் மூன்றாம் இணைப்பின்படி அதிக ஆபத்துள்ள வகை.

அமேசானின் கதையைச் சொன்னேன். பத்து வருட விண்ணப்பங்களைக் காட்டிப் பழக்கிய அவர்களது சோதனைக் கருவி, ‘பெண்கள்’ என்ற சொல் வந்த விண்ணப்பங்களுக்கு மதிப்பைக் குறைத்தது. அதைக் கைவிட்டார்கள் என்று 2018-இல் செய்தி வந்தது. பழைய விண்ணப்பங்களில் பெரும்பாலும் ஆண்கள் இருந்ததுதான் காரணம்.

“நம்மகிட்ட அந்தப் பிரச்சினை வராது சார், இங்க பெரும்பாலும் லேடீஸ்தான்” என்றார்.

“தைக்கிறது லேடீஸ். சூப்பர்வைசர்?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தானே எழுந்து போய் லைன் லீடர் பட்டியலை எடுத்து வந்தார். நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. மதிப்பெண் வரிசையை அணைத்துவிட்டு எல்லா விண்ணப்பத்தையும் பார்ப்பது என்று முடிவெடுத்தார். அது நிஜமாக நடக்கிறதா என்று கேட்டால், சூப்பர்வைசர் வேலைக்கு நடக்கிறது, மற்றதுக்கு நேரம் இருக்கும்போது நடக்கிறது.

கேமரா விற்க வந்தவர்

ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஒருவர் தையல் லைனுக்குக் கேமரா விற்க வந்தார். எத்தனை பீஸ் முடிந்தது என்று எண்ணும், யார் சும்மா இருக்கிறார் என்று காட்டும், கூடவே முகத்தைப் பார்த்துச் சோர்வு, எரிச்சல், மகிழ்ச்சி எல்லாம் சொல்லும் என்றார். முதலாளிக்குப் பிடித்துப்போனது. பயிற்சி முடித்த ஹெச்.ஆர். மேலாளர்தான் குறுக்கே விழுந்தார். பணியிடத்தில் ஊழியரின் உணர்ச்சியை ஊகிக்கும் ஏ.ஐ., மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, ஐரோப்பாவில் 5-ஆம் பிரிவின்படி தடை. “இங்க தடை இல்லைதான் சார். ஆனா அடுத்த வருஷம் பையர் கேட்டா இதையும் ‘பொருந்தாது’ன்னு போட முடியாது” என்றார். முகம் பார்க்கும் பகுதி வேண்டாம், எண்ணும் பகுதி மட்டும் ஒரே ஒரு லைனில் சோதனைக்கு என்று முடிவானது.

நவம்பரில் கம்பெனிக்குள் ஒரு குழப்பம். 14-ஆம் தேதி இந்தியாவின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்பு விதிகள் அறிவிக்கப்பட்டன. ஐந்தே நாளில், 19-ஆம் தேதி, ஐரோப்பிய ஆணையம் தன் சட்டத்தையே தளர்த்தும் முன்மொழிவை வைத்தது. அதிக ஆபத்துப் பிரிவுகளைத் தள்ளிப்போடுவது, 4-ஆம் பிரிவில் கம்பெனிகள்மேல் இருக்கும் கடமையை அரசுகள் ஊக்குவிக்கும் வேலையாக மாற்றுவது என்றெல்லாம் அதில் இருந்தது. முதலாளி போன் போட்டார்: “அப்போ நிறுத்திடலாமா?”

தின்னர் தாளை நினைவுபடுத்தினேன். அதோடு கேட்டில் இருக்கும் முகம் பார்க்கும் வருகைப் பதிவு மெஷினையும். வேலை தொடர்பான தேவைக்கு ஊழியர் விவரங்களை ஒப்புதல் இல்லாமலும் கையாள இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்த முகங்களைக் கசிய விடாமல் காக்கும் பொறுப்பு விலகாது; பாதுகாப்புத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று 2023-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பெரும்பாலான கடமைகள் அமலாக, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருந்தார்கள். மெஷினின் பாஸ்வேர்டு அதுவரை கேட் சுவரில் பேனாவால் எழுதியிருந்தது. அன்று மாலையே சுண்ணாம்பு அடித்தார்கள்.

இன்னும் பாக்கி இருக்கிறது. கான்ட்ராக்ட் செக்யூரிட்டி ஆட்கள் யாருக்கும் பயிற்சி நடக்கவில்லை. மாதா மாதம் ஆள் மாறுகிறார்கள். கம்பெனி பஸ்ஸில் புதிதாக வந்து சேரும் பெண்களுக்கு முதல் வாரத்தில் முக்கால் மணி நேரம் என்று எழுதியிருக்கிறோம், ஷிப்மென்ட் நெருக்கும் வாரங்களில் அது காணாமல் போய்விடுகிறது.

எண்ணும் கேமராவைப் பற்றித் தையல் லைனில் சொன்னபோது, குடியாத்தம் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் கேட்டாள்: “அது தப்பா எண்ணுச்சுன்னா யாராண்ட போய் சொல்றது?” என்னிடம் அப்போது பதில் இல்லை. இன்சென்டிவ் அந்த எண்ணிக்கையில்தான் வருகிறது. ஒரு படிவம் அடித்தோம்: தேதி, மெஷின் எண், கேமரா சொன்னது, நான் எண்ணியது. பதில் 24 மணி நேரத்துக்குள். இரண்டு மாதத்தில் ஒரே ஒரு படிவம் வந்தது, அவளுடையதுதான். மெஷின் ரிப்பேரானதால் பக்கத்து மெஷினுக்கு மாறி உட்கார்ந்திருக்கிறாள், 14 பீஸ் பக்கத்துப் பெண் கணக்கில் ஏறிவிட்டது. அன்றே திருத்திக் கொடுத்தார்கள்.

படிவக் கட்டு லைன் முனையில் ஆணியில் தொங்குகிறது. பேனா மட்டும் நிற்பதில்லை. மூன்றாவது பேனாவை அவளே தையல் நூலால் ஆணியில் கட்டி வைத்திருக்கிறாள்.